காயலான் கடை எஞ்சின், கம்பி பிரேக் சைக்கிள்: 1950 பாணியில் ஒரு மோட்டார் சைக்கிள் கட்டுவது எப்படி

புல் வெட்டும் மெஷினின் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும். 28 அங்குலச் சைக்கிள் 30 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் சக்கரம் சுற்றுவது 227 சுற்றுதான். இந்த 7000-ஐ 227-க்குக் கொண்டுவருவதுதான் முழு வேலையும். டேங்க், சீட், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சினை முதலில் ஃப்ரேமில் மாட்டிவிட்டு, செயினா பெல்ட்டா என்று அப்புறம் யோசிப்பவர்களின் வண்டிகள்தான் பாதியில் நின்றுபோய்க் கொல்லைப்புறத்தில் துருப்பிடிக்கின்றன.

உதிரி எஞ்சினைச் சைக்கிளில் பூட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. 1946-இல் சோய்சிரோ ஹோண்டா ஆரம்பித்ததே இப்படித்தான். போர் முடிந்து மிஞ்சிப்போன ராணுவ வயர்லெஸ் ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்காக இருந்தது படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை. அதே ஆண்டில் பிரான்சில் வெலோசோலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதில் முன்சக்கரத்து டயரை ஓர் உருளை தொட்டுச் சுற்றும். இங்கிலாந்தில் 1949-இல் ட்ரோஜன் மினி-மோட்டார் வந்தது, எஞ்சின் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். 1950-இல் வந்த சைக்கிள்மாஸ்டரில் 25.7 சிசி எஞ்சின் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. நம் ஊரில் இன்றும் கிடைக்கும் கறுப்புக் கம்பி பிரேக் சைக்கிள் அந்தக் காலத்து ஆங்கிலேயச் சைக்கிளின் நேர் வாரிசு. அதனால் 1950-இன் 'மேலே பூட்டும் எஞ்சின்' பாணிதான் இதற்கு இயல்பாகப் பொருந்தும். 1910-களின் ரேஸ் வண்டி மாதிரி வேண்டும் என்றால் ஃப்ரேமையே புதிதாக வளைக்க வேண்டும், அது வேறு வேலை.

எந்த எஞ்சின்?

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசிக்கு மிகாத எஞ்சின் இருந்தால் அது 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வராது. 25-ஐத் தாண்டினால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்கும். வீட்டில் கட்டிய வண்டிக்குப் பதிவெண் வாங்குவது நடைமுறையில் ஆகிற காரியமில்லை. ஆகவே தெருவில் ஓட்டும் எண்ணம் இருந்தால் எஞ்சினின் சிசியைத் தகட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரில் வரும் 26 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த ஒரு சிசியால் கணக்கு கெட்டுவிடும். பிரஷ் கட்டர் என்னும் புல் வெட்டும் மெஷினின் 43 சிசி எஞ்சினும், 31 சிசி 139எஃப் வகை எஞ்சினும் அப்படித்தான்.

என் தேர்வு, பிரஷ் கட்டரில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்25. ஃபோர் ஸ்ட்ரோக், 25 சிசி, எடை மூன்று கிலோவுக்குள், 7000 சுற்றில் ஒரு குதிரைத்திறன். டார்க் (முறுக்குவிசை) சுமார் 1 நியூட்டன் மீட்டர், அது 5000 சுற்றுக்குப் பக்கத்தில் கிடைக்கும். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், புகை இல்லை, சத்தமும் டூ ஸ்ட்ரோக்கைவிடக் குறைவு. பிரஷ் கட்டரின் பிளேடு பக்க கியர்ப்பெட்டி தேய்ந்தாலோ நீளக்குழாய் வளைந்தாலோ முழு மெஷினையும் காயலான் கடையில் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் நன்றாகவே இருக்கும். வாங்கும்போது குழாயோடும், கிளட்ச் கட்டை உள்ளே பிடித்துச் சுற்றவைக்கும் கிண்ணமான கிளட்ச் டிரம்மோடும் சேர்த்து வாங்குங்கள். டிரம் தனியாகக் கிடைப்பது சிரமம், நமக்கு வேண்டியதே அந்த டிரம்தான்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் சில. கயிற்றை மெதுவாக இழுத்தால் கம்ப்ரஷன் வரும் இடத்தில் கை தடைப்பட வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வால்வு கேப் (இடைவெளி) கெட்டிருக்கலாம், அல்லது ரிங் போயிருக்கலாம். கேப் என்றால் சரிசெய்யலாம், இன்டேக் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.11 மி.மீ. வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி எஞ்சினின் இரும்பு உடம்பில் வைத்துக் கயிறு இழுத்தால் நீலப்பொறி வர வேண்டும், பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. ஆயில் ஸ்டிக்கில் ஆயிலே இல்லாத எஞ்சினை விட்டுவிடுங்கள். இதன் கொள்ளளவே 80 மில்லிதான், வயல்வேலையில் ஆயில் பார்க்காமல் ஓட்டியிருந்தால் உள்ளே கேம், பெல்ட் எல்லாம் அடி வாங்கியிருக்கும். பெட்ரோலை இழுக்கக் கையால் அமுக்கும் பிரைமர் குமிழ் வெடித்திருப்பதும் கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்திருப்பதும் பெரிய குறைகள் இல்லை. இரண்டும் சில்லறைச் செலவு.

இன்னொன்று, சுற்றும் திசை. டிரம் இருக்கும் பக்கத்தைப் பார்த்து நின்று கயிறு இழுத்தால் இந்த எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். சைக்கிளை இடதுபக்கமிருந்து பார்த்தால் முன்னோக்கி ஓடும் சக்கரமும் அதே திசையில்தான் சுற்றுகிறது. ஆகவே டிரம் இடதுபக்கம் பார்த்து இருக்க வேண்டும். பெல்ட் எத்தனை கட்டமாக வந்தாலும் திசை மாறாது. நடுவில் ஒரு கியர் வந்தாலோ, உருளை நேராக டயரைத் தொட்டாலோ மாறிவிடும், அதை மறக்க வேண்டாம்.

முக்கோணத்துக்குள் ஏன் வைக்கக் கூடாது

எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் எஞ்சினை வைப்பது. பார்க்க மிக அழகு. ஆனால் இந்த எஞ்சின் ஷாஃப்ட் போகும் திசையில் கிட்டத்தட்ட 19 செ.மீ. நீளம், அதோடு டிரம்மும் புல்லியும் சேரும். ஷாஃப்ட் குறுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதால் அந்த நீளம் அப்படியே வண்டியின் அகலமாகிறது. பெடல் மிதிக்கும் கால்கள் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ 15 செ.மீ. ஒரு பக்கம் முழங்கால் இடிக்கும், மறுபக்கம் சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும். பெடலே மிதிக்க முடியாத வண்டி சைக்கிளும் இல்லை, இந்தச் சிறிய கிளட்சுக்குப் பெடல் உதவி இல்லாமல் கிளம்பவும் முடியாது. ஆகவே பின் கேரியர் மேல்தான் இடம். அங்கே அகலம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், குதிகால் அந்தப் பக்கமே வராது.

கணக்கு

28 x 1½ டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 31-க்கு 1 என்ற விகிதம் வைத்தால் 7000 சுற்றில் 30 கி.மீ. வேகம் வரும். இதைவிட வேகமாகப் போக 25-க்கு 1 வைக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கிளட்சை நினைக்க வேண்டும். ஐடில் சுமார் 3100, சுற்று ஏறினால் கட்டைகள் தானே விரிந்து டிரம்மைப் பிடிக்கும் மையவிலக்கு கிளட்ச் பிடிக்க ஆரம்பிப்பது 4200-ஐ ஒட்டி. 31-க்கு 1 வைத்தால் 4200 சுற்றுக்கு வண்டி வேகம் 18 கி.மீ. அதற்குக் கீழே எந்த வேகத்தில் ஓடினாலும் கிளட்ச் கட்டை டிரம்மில் தேய்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். 25-க்கு 1 வைத்தால் இந்த எல்லை 22 கி.மீ. ஆகிவிடும். மேட்டில் 15 கி.மீ. வேகத்தில் ஏறினால் டிரம் நீலம் பாய்ந்து, கிளட்ச் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து, பிறகு ஐடிலிலேயே சக்கரம் இழுக்கத் தொடங்கும். கிளட்ச் எரிந்தது என்று சொல்லும் பெரும்பாலான வண்டிகளில் உண்மையான குற்றம் விகிதத்தில்தான் இருக்கிறது.

லேத் வேலைக்கு வழியே இல்லாதவர்களுக்கு உருளை முறை உண்டு. 25 மி.மீ. விட்டமுள்ள உருளையை நேராக டயர் மேல் அழுத்தினால் டயரின் விட்டமான 715 மி.மீ.-ஐ 25-ஆல் வகுத்த மாதிரி, 28-க்கு 1 ஒரே கட்டத்தில் கிடைத்துவிடும். மினி-மோட்டாரும் வெலோசோலெக்ஸும் நம்பியது இதைத்தான். ஆனால் மழையில் வழுக்கும், டயர் சீக்கிரம் மொட்டையாகும், சின்ன உருளை டயரை ஆழமாக அமுக்குவதால் சக்தியும் வீணாகும். வறண்ட ஊரில், சமதரையில், வாரம் ஒருமுறை ஓட்ட இது போதும். நான் இரண்டு கட்ட பெல்ட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

முதல் கட்டம் டைமிங் பெல்ட். 5எம் பல் (பல்லுக்குப் பல் 5 மி.மீ.), எஞ்சின் பக்கம் 16 பல் புல்லி, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வரும் நடு ஷாஃப்டில் 80 பல் புல்லி, 5-க்கு 1. பெல்ட் நீளம் 525 மி.மீ., அகலம் 15 மி.மீ. இரண்டு மையங்களுக்கும் இடைவெளி சுமார் 132 மி.மீ. வரும். அப்போது சின்னப் புல்லியில் 6 பல் கடித்திருக்கும், அதற்குக் குறைந்தால் சுமை ஏறும்போது பெல்ட் பல் தாண்டும். இந்தக் கட்டத்துக்கு வி பெல்ட் போடாதீர்கள். 7000 சுற்றில் சின்னப் புல்லியில் வளைந்து வளைந்து அது சூடேறியே வெடித்துவிடும்.

இரண்டாம் கட்டம் ஏ வகை வி பெல்ட். நடு ஷாஃப்டில் 63 மி.மீ. புல்லி, பின்சக்கரத்தில் பெரிய புல்லியாக ஒரு 20 அங்குலக் குழந்தைச் சைக்கிள் ரிம். ரிம்மின் உள்வளைவு சுமார் 390 மி.மீ. விட்டம், ஆறுக்குச் சற்று மேலான விகிதம். 50 மி.மீ. புல்லி போட்டால் இன்னும் குறைக்கலாமே என்று ஆசை வரும். ஏ பெல்ட்டுக்கு அது மிகச் சிறியது, அடிப்பக்கத்தில் குறுக்கு வெடிப்புகள் வந்துவிடும். உண்மையான விகிதத்தைக் கட்டி முடித்தபின் சரிபாருங்கள். சக்கரத்திலும் சின்னப் புல்லியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, புல்லி எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும். பெல்ட் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து 6.2-இலிருந்து 6.5 வரை வரும்.

சைக்கிளும் பின்சக்கரமும்

ஃப்ரேம், குழாய்கள் சேரும் இடத்தில் லக் என்னும் மூட்டு உறை வைத்துப் பித்தளையால் ஒட்டியதாக இருக்கும். அதன் குழாயில் ஆர்க் வெல்டிங் வைக்காதீர்கள், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பின்னால் விரிசல் விழும். எல்லாமே கிளாம்ப்பும் போல்ட்டும்தான்.

பின்சக்கரத்தில் 40 கம்பி (ஸ்போக்). துருப்பிடித்த கம்பி இருந்தால் மொத்தமாக மாற்றி 13 கேஜ் போடுங்கள். ஹப்பைப் பிரித்துக் கோன், கப் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ் புதிதாகப் போட்டு கிரீஸ் அடைக்க வேண்டும். கோட்டம் எடுத்த பிறகுதான் பெல்ட் ரிம்மைக் கட்ட வேண்டும், வரிசை மாறினால் இரண்டு தடவை வேலை.

பெல்ட் ரிம்மைப் பூட்டுவது பொறுமை கேட்கும் இடம். இடதுபக்கத்தில் 20 கம்பிகள். ஒன்று விட்டு ஒன்றாக 10 கம்பிகளைத் தேர்ந்தெடுத்து, ரிம்மை அவற்றின் மேல் வைத்து, கம்பி கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டு 5.2 மி.மீ. துளை போடுங்கள். 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள பட்டையிலிருந்து 40 மி.மீ. துண்டுகள் பத்து வெட்டி, ஒவ்வொன்றிலும் கம்பி உட்காரச் சின்னப் பள்ளம் ராவி, எம்5 போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும் போட்டு கம்பியை ரிம்மோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் உலோகமும் உலோகமும் உரசிக் கம்பி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். முதலில் எல்லா நட்டையும் விரலால் மட்டும் திருகுங்கள். இடது ஃபோர்க் குழாயில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனை ரிம் விளிம்பைத் தொடும்படி வைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ரிம்மை மெல்லத் தட்டி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலும் கீழுமாக 1 மி.மீ., பக்கவாட்டில் 2 மி.மீ. ஆட்டம் வரை பொறுக்கலாம். அதன்பிறகு எதிரெதிராக, ஒரே சுற்றில் முடிக்காமல் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

ரிம்முக்கும் இடதுபக்கத்து ஃப்ரேம் குழாய்க்கும் 6 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பெரும்பாலும் கிடைக்காது. குழாயைச் சுத்தியால் அமுக்கும் வழக்கம் உண்டு, அது வேண்டாம். நீளமான ஆக்சில் வாங்கி, இடதுபக்கம் 6 மி.மீ. வாஷர் கூட்டி, கம்பிகளை இறுக்கித் தளர்த்திச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் குழாய் கெடாது. ரிம் வாங்கும்போதே அகலம் குறைந்ததாகப் பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

நடு ஷாஃப்ட், தகடு, கேரியர்

எஞ்சினும் நடு ஷாஃப்டும் ஒரே தகட்டில் இருக்க வேண்டும். 6 மி.மீ. இரும்புத் தகடு, அல்லது எடை குறைய 8 மி.மீ. அலுமினியம். இரண்டையும் தனித்தனிப் பட்டையில் வைத்தால் கேரியர் வளையும்போதெல்லாம் டைமிங் பெல்ட்டின் நேர் கெடும், பெல்ட் ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரியும்.

நடு ஷாஃப்ட் 15 மி.மீ., இரண்டு யூசிபி202 பிளம்மர் பிளாக் பேரிங்கில். 80 பல் புல்லிக்கும் 63 மி.மீ. புல்லிக்கும் 5 மி.மீ. சாவிப் பள்ளம் (புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் கட்டைக்கான பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். எஞ்சின் பக்கத்தில், பிரஷ் கட்டரின் கிளட்ச் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு நீளக்குழாயை வெட்டிவிடலாம். டிரம்முக்குள் இருக்கும் பல்லுக்குப் பொருந்தும்படி பழைய நீளக்கம்பியின் முனையை 60 மி.மீ. வெட்டியெடுத்து, லேத்காரர் செய்யும் 12 மி.மீ. ஷாஃப்டின் துளையில் அழுத்திப் பற்றவைத்தால், பல் வெட்டும் செலவே இல்லை. அந்த ஷாஃப்டுக்கு வெளிப்பக்கம் ஒரு 6201 பேரிங் கட்டாயம். 16 பல் புல்லி உட்காரும் இடத்தில் ஷாஃப்டை 10 மி.மீ. ஆக இறக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் புல்லியின் பல்லடி விட்டமே 20 மி.மீ.தான், பெரிய துளை போட்டால் சுவர் மெலிந்துவிடும். ஷாஃப்டில் இரண்டு இடத்தில் தட்டையாக ராவி, இரண்டு கிரப் ஸ்குரூ (தலையில்லாத சிறு திருகு) 90 பாகையில். புல்லியின் நடு பேரிங்கிலிருந்து 20 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. வெளிப்பேரிங் இல்லாமல் டிரம்மிலேயே புல்லியைத் தொங்கவிட்ட வண்டிகளில் கிளட்ச் கூட்டின் பேரிங் முதலில் சத்தம் போடும், பிறகு டிரம் சாய்ந்து கட்டை ஒருபக்கமாகத் தேயும்.

கடைக் கேரியர் மூட்டை சுமக்கும், ஆனால் அதிர்வைத் தாங்காது. காலின் முனையைத் தட்டையாக்கித் துளை போட்டிருக்கும் இடத்தில் வெடிக்கும். 20 மி.மீ. சதுரக் குழாயில் புதிதாகச் செய்வது நல்லது. கீழே இரண்டு கால் ஆக்சிலில், மேலே இரண்டு பட்டை சீட் கம்ப கிளாம்ப்பில். கால் முனைக்கு 5 மி.மீ. தகட்டில் காது வெட்டிப் பற்றவையுங்கள். தகட்டை கேரியரில் பிடிக்கும் நான்கு துளையும் 30 மி.மீ. நீளப் பள்ளமாக இருக்கட்டும், பெல்ட் நீளும்போது நகர்த்த உதவும். எஞ்சின், தகடு, புல்லி, கேரியர் எல்லாம் சேர்ந்து 9 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

வி பெல்ட்டைக் கணக்குப் போட்டு வாங்குவதைவிட, எல்லாம் பூட்டியபின் ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து வாங்குவது நிச்சயம். நடு ஷாஃப்டிலிருந்து ஆக்சில் வரை 430 மி.மீ. இருந்தால் ஏ-64 அல்லது ஏ-65 வரும், எண் அங்குலத்தில் உள்சுற்று. பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில், அதாவது எஞ்சின் இழுக்காத பக்கத்தில், ஸ்பிரிங் வைத்த ஒரு டென்ஷன் புல்லி. அதற்கு ஒரு கைப்பிடி வைத்தால் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு வெறும் சைக்கிளாகவும் மிதிக்கலாம். இழுக்கும் பக்கத்தில் டென்ஷன் புல்லி வைத்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் அது தூக்கியடிக்கும்.

இரண்டு பெல்ட்டுக்கும் மூடி கட்டாயம். வேட்டியோ சேலையோ துப்பட்டாவோ அதில் சிக்கினால் நிற்க ஒரு நொடிகூட ஆகாது.

டேங்க், கேபிள், பிரேக்

அந்தக் காலத் தோற்றத்தைக் கொண்டுவருவதில் டேங்குக்குத்தான் முதலிடம். மேல்பார் குழாய்க்கு அடியில் 90 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளத்தில் உருளை டேங்க் 1.2 லிட்டர் பிடிக்கும். பித்தளை பார்க்க மின்னும், ஆனால் இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஈரம் சேர்ந்தால் அது பித்தளையையும் ஜி.ஐ. தகட்டையும் ஈயப் பற்றையும் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் 304 தகட்டில் டிக் வெல்டிங் செய்து மேலே பெயின்ட் அடிப்பதே நல்லது.

இந்த எஞ்சினில் மிதவை கார்புரேட்டர் இல்லை, டயாஃப்ரம் வகை. தானே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும், ஆகவே டேங்க் கொஞ்சம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு குழாய் உண்டு. ஒன்று டேங்கிலிருந்து வருவது, அதன் முனையில் ஃபில்டர். மற்றது பிரைமர் குமிழிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போவது. ஒரே குழாய் போதும் என்று நினைத்து மற்றதை அடைத்துவிட்டால் பிரைமர் வேலை செய்யாது. அடைக்காமல் விட்டால் சூடான சைலன்சர் பக்கம் பெட்ரோல் சொட்டும். டேங்க் மூடியில் காற்றுத்துளை வேண்டும், இல்லையேல் பத்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் மூச்சுத்திணறி நிற்கும். இவ்வகை எஞ்சின்களுக்கு 10 சதவீத எத்தனால் வரைதான் கையேடு அனுமதிக்கிறது. எனவே குழாய்களை எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பராக மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, எஞ்சினை அது தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

ஆக்சிலேட்டருக்கு ட்விஸ்ட் கிரிப் போடலாம், ஆனால் 1950-க்குப் பொருந்துவது கட்டைவிரலால் தள்ளும் லிவர். கார்புரேட்டரின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்றக் கூடாது. கேபிள் அறுந்தால் எஞ்சின் ஐடிலுக்கு வர வேண்டும். எஞ்சினை நிறுத்தும் வயரை ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்சுக்குக் கொண்டுவருவது முதல் ஓட்டத்துக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

கம்பி பிரேக் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். வறண்ட சாலையில் 25 கி.மீ. வேகத்துக்கு அது போதும், மழையில் ஸ்டீல் ரிம் நனைந்தால் நிறுத்தும் தூரம் பல மடங்காகும். நாலு கட்டையும் புதிதாக, மெத்தென்ற ரப்பரில் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடும்படி கம்பியைச் சரிசெய்யுங்கள். முன்பிரேக் கம்பியின் ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் இருந்தால் லிவரின் பாதித் தூரம் அதிலேயே போய்விடும், அந்த பின்களை மாற்றுவது சில ரூபாய் வேலை. 31-க்கு 1 விகிதத்தை நான் வலியுறுத்துவதில் பாதிக் காரணம் இந்த பிரேக்தான். ஹெல்மெட் சட்டம் கேட்கிறதோ இல்லையோ போட வேண்டியதுதான்.

தோற்றத்துக்கு அதிகம் தேவையில்லை. கறுப்பு எனாமல், தூரிகையால் இழுத்த தங்கக் கோடு, ஸ்பிரிங் வைத்த தோல் சீட், டைனமோ லைட். எஞ்சினின் பிளாஸ்டிக் கூடு கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டிக் பிரைமர் அடித்துக் கறுப்பாக்குங்கள், தகட்டுப் பெட்டி செய்து மூடாதீர்கள். கூட்டில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் குளிர்விக்கும் காற்று உள்ளே போகிறது. அதை மறைத்தால் எஞ்சின் அரை மணி நேரத்தில் சக்தி இழக்கும்.

ஓட்டும்போது

ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் சக்கரம் சுற்றினால் ஐடில் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்வு. சாலையில் எப்போதும் முதலில் பெடல். 12 கி.மீ. வேகம் வந்தபின் ஆக்சிலேட்டரைத் தயங்காமல் கொடுங்கள். பாதி ஆக்சிலேட்டரில் இழுத்துக்கொண்டே போவதுதான் கிளட்சுக்கு எமன். மேட்டில் 20-க்கு 1 சரிவு வரை எஞ்சின் தனியாக ஏறும். அதைவிடச் செங்குத்தென்றால் வேகம் 18-க்குக் கீழே விழும் முன்பே கூட மிதிக்க வேண்டும்.

முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஆயில் மாற்ற வேண்டும், 10டபிள்யூ-30, அதே 80 மில்லி. பிறகு 50 மணிக்கு ஒருமுறை. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்கள், குறிப்பாக பெல்ட் ரிம்மின் பத்து கிளிப், கேரியரின் காது, 16 பல் புல்லியின் கிரப் ஸ்குரூ. நட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால் நகர்ந்தது பார்வையிலேயே தெரியும். பின்சக்கரத்தில் கம்பி அறுந்தால் பெரும்பாலும் கிளிப்புக்குப் பக்கத்தில் அறும், அந்த இடத்தில் ரப்பர் தேய்ந்திருக்கும். மழையில் பெல்ட் கீச்சிட்டால் டென்ஷனை ஏற்றுவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். செயின் ஆயில் இடதுபக்கம் தெறித்து அங்கே படிந்திருப்பதுதான் பலமுறை காரணம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பெல்ட் ரப்பர் ஊறிவிடும், சோப்புத் தண்ணீர் போதும்.